ஓசி மாட்டுக்கும் பல் பார்க்கணும்: சொந்த டொமைனும் இலவச மெயிலும்

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியில் இருந்து ஆரம்பிக்கலாம். உங்க மெயில் ஐடி யாருடையது?

"என்னோடதுதான், இதென்ன கேள்வி"ன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். காலேஜில் சேர்ந்த முதல் வாரமே ரோல் நம்பரை வெச்சு ஒரு மெயில் ஐடி கொடுத்தாங்க. கூடவே ஏகப்பட்ட ஸ்டோரேஜ். போனில் இடம் இல்லாத காலம் அது. போட்டோ, வீடியோ, லேப் ரெக்கார்டு, எல்லாத்தையும் அங்கேயே தூக்கிப் போட்டேன். எங்க தாத்தாவுக்கு எண்பது முடிஞ்சு சதாபிஷேகம் நடந்தப்போ நான் எடுத்த வீடியோவும் அதில்தான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்து யாரையோ கிண்டல் பண்ணிச் சிரிக்கிற பத்து நிமிஷம்.

படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு தாத்தா தவறிட்டார். வீட்டில் அந்த வீடியோவைக் கேட்டாங்க. லாகின் பண்ணினேன். அப்படி ஒரு கணக்கே இல்லைன்னு வந்தது. விசாரிச்சப்போ, பழைய மாணவர்களின் கணக்குகளை மூடப்போறோம்னு முன்கூட்டியே தகவல் அனுப்பியிருக்காங்க. எங்கே? அதே காலேஜ் ஐடிக்கு. நான் அதைத் திறந்து பார்க்கிறதையே விட்டுட்டேன்.

யாரையும் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லலை. அறிவிப்பு வந்தது, நான் படிக்கலை, அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து என் பேரில் ஒரு டாட் இன் டொமைன் வாங்கினேன். இனிமேல் என் முகவரி என்னோடதா இருக்கணும்னு ஒரு வீம்பு. டொமைன் வாங்க ஐந்து நிமிஷம் ஆச்சு. அதுக்கு மெயில் வசதி, அதுவும் இலவசமா, எங்கே கிடைக்கும்னு தேட ஆரம்பிச்சா, ஒரு வாரம் போயிடுச்சு. கண்ணில் பட்ட வழிகாட்டிகளில் பாதி, 2008-லயும் 2010-லயும் எழுதினது. "கூகுளில் போய் இதைச் சொடுக்குங்க, இலவசம்"னு சொல்லும். போய்ப் பார்த்தா அந்தக் கதவே இல்லை.

ஒரு காலத்தில் சும்மா கிடைச்ச ஒண்ணு ஏன் கிடைச்சது, ஏன் நின்னது? இன்னைய எபிசோடு அதைப் பத்தித்தான்.

முகவரின்னா ஒரு மெஷினோட பேர்

1971. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், கேம்பிரிட்ஜ். பிபிஎன் என்கிற நிறுவனத்தில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த ரெண்டு பிடிபி-10 கணினிகளுக்கு நடுவே, அர்ப்பாநெட் வழியா ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார். ஆளையும் கணினியையும் பிரிச்சுக் காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. யாரோட பேரிலும் வராத குறியா இருக்கணும். கீபோர்டில் இருந்த @ குறியை எடுத்தார். இன்னார், இன்ன கணினியில் இருக்கார். அவ்வளவுதான் அர்த்தம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. வலதுபக்கம் இருந்தது ஒரு நிஜமான மெஷினோட பேர். அந்த மெஷின் பழுதானாலோ, நீங்க வேற இடத்துக்கு வேலைக்குப் போனாலோ, முகவரி காலி. எந்தப் பேர் எந்த மெஷினுக்குன்னு ஒரே ஒரு பட்டியல் கலிபோர்னியாவில் பராமரிக்கப்பட்டது. எல்லாரும் அதைப் பிரதி எடுத்து வெச்சுக்கணும். மெஷின்கள் பெருகப் பெருக அது சமாளிக்க முடியாமல் போனது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ், டிஎன்எஸ் என்கிற பரவலாக்கப்பட்ட பெயர் முறையை வடிவமைச்சார். 1985 மார்ச் 15-ல் முதல் டாட் காம் பெயர் பதிவானது: சிம்பாலிக்ஸ் டாட் காம்.

நம்ம கதைக்கு அதைவிட முக்கியமான தேதி 1986 ஜனவரி. கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதின ஆர்எஃப்சி 974 அப்போதான் வெளியானது. எம்எக்ஸ் ரெக்கார்டு எப்படி வேலை செய்யணும்னு விளக்கின ஆவணம். ரொம்ப எளிமையா சொன்னா, "இந்தப் பேருக்கு வர்ற கடிதத்தை எல்லாம் அந்த மெஷினில் கொண்டுபோய்ப் போடு"ன்னு டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கிற ஒரு வரி. ஒண்ணுக்கு மேலேயும் எழுதலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் உண்டு, சின்ன எண் இருக்கிறதை முதலில் முயற்சி பண்ணும், அது படுத்துட்டா அடுத்தது.

வீடு மாறும்போது தபால் ஆபீஸில் எழுதிக் கொடுப்போமே, "இந்தப் பேருக்கு வர்றதைப் புது விலாசத்துக்கு அனுப்புங்க"ன்னு, அது மாதிரி. பேர் உங்ககிட்ட. பெட்டி யாரோட வீட்டிலும் இருக்கலாம். பெட்டியை மாத்தினாலும் பேர் மாறாது. இலவச மெயில் ஹோஸ்டிங் என்கிற சமாச்சாரமே இந்த ஒரு வரியால்தான் சாத்தியமானது.

கியாஸ்எம்டி காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் கொடுத்தது. உங்க வீட்டில் பழைய விசிட்டிங் கார்டு ஏதாவது இருந்தா எடுத்துப் பாருங்க. சென்னைக்காரங்க முகவரி கியாஸ்எம்டி01 டாட் விஎஸ்என்எல் டாட் நெட் டாட் இன்னுன்னு முடியும். கியாஸ் என்பது அந்தச் சேவையோட சுருக்கப் பேர், எம்டி என்பது மெட்ராஸ், 01 சர்வர் நம்பர். அதாவது எம்எக்ஸ் வந்து ஒன்பது வருஷம் ஆகியும், நம்ம ஊர் முகவரியில் ஊரும் மெஷினும் பச்சையா எழுதியிருந்தது. நீங்க பம்பாய்க்கு மாறினா ஐடியும் மாறும். 2002-ல் விஎஸ்என்எல் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. 2008-ல் பேரே டாடா கம்யூனிகேஷன்ஸ் ஆனது. கியாஸ்எம்டி ஐடி இன்னைக்குப் பழைய லெட்டர்ஹெட்டில் மட்டும்தான் உயிரோட இருக்கு.

அப்போ சொந்த டொமைன் வாங்கலாமேன்னா, அது பணக்காரங்க விளையாட்டு. 1995 செப்டம்பர் வரைக்கும் டாட் காம் பதிவு இலவசமா இருந்தது. அதுக்கப்புறம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் ரெண்டு வருஷத்துக்கு 100 டாலர் வாங்க ஆரம்பிச்சது. அதுக்கு மேல மெயில் சர்வர் ஓட்ட ஒரு கணினி, எப்பவும் அணையாத இணைப்பு, சென்ட்மெயில் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கிற பொறுமை, எல்லாம் வேணும். டயல்-அப் சத்தம் கேட்டுக்கிட்டு மணிக்கணக்குக்குக் காசு கட்டின ஊரில் அது நடக்கிற காரியமா?

அந்த இடத்தில்தான் ஹாட்மெயில் வந்தது. 1996 ஜூலை 4. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும், ஜாக் ஸ்மித்தும் சேர்ந்து தொடங்கினது. ஐஎஸ்பி கொடுக்கிற ஐடியை நம்பி இருக்க வேண்டாம், எந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாலும் உங்க மெயில் திறக்கும். அந்த நாளில் அது நிஜமாவே ஒரு விடுதலை. 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் அதைச் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கினது. விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. @ குறிக்கு வலதுபக்கம் இனி உங்க ஊரும் இல்லை, உங்க ஆபீஸும் இல்லை. அடுத்தவன் கடை போர்டு.

முப்பத்தஞ்சு டாலர்

அந்த போர்டு எவ்வளவு லேசா ஒட்டியிருக்குன்னு காட்டின ஒரு சம்பவம். 1999 கிறிஸ்துமஸ் சமயம். ஹாட்மெயில் லாகினுக்குப் பின்னாடி பாஸ்போர்ட் டாட் காம் என்கிற டொமைன் வேலை செய்துகிட்டு இருந்தது. அதைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துட்டாங்க! உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனி. பல பேருக்கு மெயில் திறக்கலை. காரணத்தைக் கண்டுபிடிச்ச ஒரு லினக்ஸ் நிரலாளர், தன் கிரெடிட் கார்டில் 35 டாலர் கட்டினார். சேவை திரும்ப வந்தது. டொமைனைத் தன் பேருக்கு மாத்திக்கலை, பாக்கியை மட்டும் கட்டினார்.

நல்ல மனுஷன். ஆனா யோசிச்சுப் பாருங்க, கெட்ட எண்ணம் இருக்கிற ஒருத்தர் கையில், காலாவதி ஆன டொமைன் கிடைச்சா? இதை மனசில் வெச்சுக்கங்க, கடைசியில் திரும்ப வரும்.

பொற்காலம்: 2005 முதல் 2012 வரை

2004 ஏப்ரல் 1-ல் ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்பி கொடுத்த நாளில் 1 ஜிபி. தேதியைப் பார்த்துட்டு நிறைய பேர் ஏப்ரல் ஃபூல்னு நினைச்சாங்க. ஹார்டு டிஸ்க் விலை வருஷா வருஷம் இறங்கிக்கிட்டு இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி கொடுக்கிற செலவு, விளம்பரத்தில் வர்ற வருமானத்தைவிடக் குறைஞ்சிடும்னு கணக்குப் போட்டாங்க.

அடுத்த படி இயல்பா வந்தது. இவ்வளவு பெட்டி வெச்சிருக்கோம், அடுத்தவங்க டொமைனுக்கும் கொடுத்தா என்ன? எம்எக்ஸ் வரியை எங்க பக்கம் திருப்புங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம். 2005 கடைசியில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் லைவ் கஸ்டம் டொமைன்ஸ் என்ற பேரில் தொடங்கினது. 2006 பிப்ரவரியில் கூகுள், சான் ஹோசே சிட்டி காலேஜில் சோதனை ஓட்டம் விட்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 28-ல் "உங்கள் டொமைனுக்கு கூகுள் ஆப்ஸ்" எல்லாருக்கும் திறந்தது.

அந்த நேரத்தில் டொமைன் விலையும் விழுந்திருந்தது. 1999-லயே பதிவுத் தொழிலில் போட்டி அனுமதிக்கப்பட்டது. 2005-ல் டாட் இன் பெயர்கள் பொதுமக்களுக்குத் தாராளமாகத் திறக்கப்பட்டன. ஆக, சில நூறு ரூபாயில் பேர், சும்மா மெயில். ஜெராக்ஸ் கடை முதல் கோயில் அறக்கட்டளை வரை சொந்தப் பேரில் மெயில் ஐடி வெச்சுக்க முடிஞ்ச காலம் அது. குடும்பப் பேரில் டொமைன் வாங்கி அப்பா, அம்மா, சித்தி, பெரியப்பா எல்லாருக்கும் ஆளுக்கொரு ஐடி போட்டுக் கொடுத்த அண்ணன்கள் நம்ம எல்லார் குடும்பத்திலும் ஒருத்தர் இருப்பார். வீட்டின் அறிவிக்கப்படாத ஐடி டிபார்ட்மென்ட்.

ஏன் சும்மா கொடுத்தாங்க? தர்மம் இல்லை. மூணு காரணம். ஒண்ணு, விளம்பரம். ரெண்டு, சின்னதா தொடங்குற கடை நாளைக்குப் பெருசானா, பழகின இடத்திலேயே காசு கட்டும். 2007 பிப்ரவரியிலேயே கட்டணத் திட்டம் வந்துடுச்சு, ஆளுக்கு வருஷம் 50 டாலர். மூணு, அந்தக் காலத்தில் ஆபீஸ் மென்பொருளில் மைக்ரோசாஃப்ட்தான் ராஜா. அந்தக் கோட்டைக்குள் நுழைய கூகுளுக்கு ஆட்கள் தேவை. நாம அந்த ஆட்கள்.

நுழைஞ்சாச்சு. அப்புறம் கதவு கொஞ்சம் கொஞ்சமா சாத்தப்பட்டது. இலவசத்தில் 50 பேர் வரை என்று இருந்தது, 2011 மே மாதம் முதல் புதுசா வர்றவங்களுக்கு 10 பேர். 2012 டிசம்பர் 6-ல் புதியவர்களுக்கு இலவசமே கிடையாதுன்னு அறிவிப்பு. வியாபாரங்கள் சீக்கிரமே இலவசப் பதிப்பைத் தாண்டி வளர்ந்துடுது, அவங்களுக்கு முழு நேர உதவி தேவைப்படுதுன்னு காரணம் சொன்னாங்க. மைக்ரோசாஃப்டும் 2014-ல் புதிய டொமைன்களைச் சேர்க்கிறதை நிறுத்தினது. நான் தேடினப்போ கிடைச்ச வழிகாட்டிகள் எல்லாம் இந்தத் தேதிகளுக்கு முன்னாடி எழுதினது. கடை மூடின பிறகும் போர்டு தொங்கிக்கிட்டு இருந்தது.

2022: ஆறு மாசப் பதற்றம்

ஏற்கனவே உள்ளே இருந்தவங்களுக்குக் கவலை இல்லை. பழைய இலவசக் கணக்கு அப்படியே ஓடிக்கிட்டு இருந்தது. ஜி சூட் ஆச்சு, 2020-ல் வொர்க்ஸ்பேஸ் ஆச்சு, பேர்தான் மாறினது.

2022 ஜனவரி 19 அன்று ஓர் அறிவிப்பு. பழைய இலவசப் பதிப்பு முடிவுக்கு வருது. மே 1-க்குள் கட்டணத் திட்டத்துக்கு மாறுங்க, மாறி பில்லிங் விவரம் கொடுக்காத கணக்குகள் ஜூலை 1 முதல் நிறுத்தி வைக்கப்படும். ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு, பத்துப் பேர் இருக்கிற குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. பணத்தைவிடப் பெரிய சிக்கல் இன்னொண்ணு. மெயிலை வேற இடத்துக்கு மாத்திடலாம், அதுக்குத்தான் எம்எக்ஸ் இருக்கே. ஆனா பதினைஞ்சு வருஷத்தில் அதே கணக்கில் ஆப் வாங்கியிருக்காங்க, சினிமா வாங்கியிருக்காங்க. அந்த வாங்குதல்களை வேற கணக்குக்கு மாத்த வழி இல்லை. முகவரி சொந்தம், ஆனா முகவரியைச் சுத்தி வளர்ந்ததெல்லாம் கூகுளோடது.

நிறைய பேர் கொதிச்சாங்க. கெடு தள்ளிப்போனது. மே மாதம் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது: வியாபாரம் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கேன்னு உறுதி சொன்னா, இலவசமாகவே தொடரலாம். முடிவு சுபம்னு சொல்லலாம். அதுக்குள்ள எத்தனையோ குடும்ப ஐடி டிபார்ட்மென்ட் அண்ணன்கள், சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டு "பாஸ்வேர்டு என்ன வெச்சீங்க"ன்னு கேட்டு ஓய்ஞ்சிருப்பாங்க.

அப்போ நாமே சர்வர் ஓட்டினா?

எஞ்சினியருங்களுக்கு வர்ற முதல் ஆசை இது. எனக்கும் வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் இலவசம், ஒரு சின்ன கிளவுட் மெஷின் எடுத்தா போதும். ஏன் யாரும் பண்றதில்லை?

காரணம் ஸ்பாம். 1978 மே மாதமே அது ஆரம்பிச்சாச்சு. டிஇசி கம்பெனியின் விற்பனையாளர் ஒருத்தர், அர்ப்பாநெட்டில் இருந்த சில நூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அங்கே இருந்து அது வளர்ந்து, மெயில் உலகத்தின் அடிப்படை நம்பிக்கையையே தின்னுடுச்சு. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதின எஸ்எம்டிபி விதிப்படி, கடிதத்தில் அனுப்புநர்னு யார் பேரை வேணும்னாலும் எழுதலாம். தபால் உறை மாதிரியே. அதைச் சரிபண்ண ஒண்ணு மேல ஒண்ணா பூட்டு போட்டாங்க. 2006-ல் எஸ்பிஎஃப், அதாவது என் பேரில் அனுப்ப எந்த மெஷின்களுக்கு அனுமதின்னு டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கிறது. 2007-ல் டிகேஐஎம், ஒவ்வொரு கடிதத்துக்கும் டிஜிட்டல் முத்திரை. அப்புறம் டிமார்க், இந்த ரெண்டும் பொருந்தலைன்னா என்ன செய்யணும்னு சொல்ற கொள்கை. 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமா மெயில் அனுப்புறவங்களுக்கு இது மூணையும் கட்டாயம் ஆக்கிட்டாங்க.

இது மூணையும் சரியா வெச்சாலும் முடியாது. உங்க ஐபி முகவரியை முன்னாடி யார் வெச்சிருந்தா, பக்கத்து ஐபிக்காரன் என்ன பண்றான், எல்லாமே உங்க மதிப்பெண்ணில் சேரும். பெறுவது சுலபம். அனுப்பினது ஸ்பாம் பெட்டிக்குள் போகாமல் இருக்கிறதுதான் கஷ்டம். நான் சோதனைக்கு ஒரு சர்வர் போட்டு, என் ஃப்ரெண்டுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். நாலு நாள் கழிச்சு ஸ்பாமில் இருந்து எடுத்தான். வேலைக்கான விண்ணப்பமா இருந்திருந்தா?

ஆக மெயில் ஹோஸ்டிங்கில் நாம தேடுறது ஹார்டு டிஸ்க் இடம் கிடையாது, அது இன்னைக்கு மலிவு. நல்ல பேர் வாங்கின ஒரு அனுப்புநரின் நிழலைத் தேடுறோம். அதுக்குத்தான் செலவு. இலவசத்தைத் தேடி ஸ்பாமர்கள்தான் முதலில் ஓடி வருவாங்க. அவங்களை விரட்டுற செலவும் அந்தக் கம்பெனி தலையில். இலவசக் கதவு ஏன் சின்னதாகிக்கிட்டே வந்ததுன்னு இப்போ புரியும்.

நம்ம ஊர்க் கம்பெனி கற்பிச்ச பாடம்

இன்னைக்கு மிச்சம் இருக்கிற வழிகளில் எல்லாரும் முதலில் சொல்ற பேர் ஜோஹோ. 1996-ல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கி, 2009-ல் பேர் மாத்திக்கிட்ட கம்பெனி. சென்னைக்கு வெளியே கூடுவாஞ்சேரி பக்கம் தலைமையகம், தென்காசியில் அலுவலகம். நான் கடைசியாகப் பார்த்தப்போ அவங்க இலவசத் திட்டத்தில் ஒரு டொமைன், 5 பேர், ஆளுக்கு 5 ஜிபி. ஆனா ஐமேப் இல்லை. அதாவது பிரவுசரிலும் அவங்க ஆப்பிலும் மட்டும் படிக்கலாம், தண்டர்பேர்டு மாதிரி வேற மென்பொருளில் இழுக்க முடியாது.

ஜோஹோவுக்கே நடந்த ஒரு சம்பவம் உண்டு. 2018 செப்டம்பர் 24. ஜோஹோ டாட் காம் திடீர்னு உலகம் முழுக்க மறைஞ்சுபோச்சு. சர்வர்கள் நல்லா ஓடிக்கிட்டு இருந்தன. என்ன நடந்ததுன்னா, ஜோஹோ டொமைனைப் பதிவு பண்ணி வெச்சிருந்த டியராநெட் என்ற நிறுவனம், ஜோஹோ மெயிலில் இருந்து ஃபிஷிங் மெயில்கள் வருதுன்னு வந்த புகாரைக் காரணம் காட்டி டொமைனை முடக்கிடுச்சு. மூணே மூணு புகார்தான், அதில் ரெண்டுக்கு ஏற்கனவே நடவடிக்கை எடுத்தாச்சுன்னு ஜோஹோ சொன்னது. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமா உதவி கேட்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் டொமைனை க்ளவுட்ஃப்ளேருக்கு மாத்தினாங்க.

கோடிக்கணக்கான பேருக்கு மெயில் கொடுக்கிற கம்பெனி, தன் பேருக்கு வேற ஒருத்தர் தயவில் இருந்தது. அப்போ நீங்களும் நானும்?

சரி, நான் என்ன பண்ணினேன்

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே"ன்னு எங்க பாட்டி சொல்லும். மெயில் விஷயத்தில் நான் பாட்டி பேச்சைக் கேட்கலை. நாலு பல் பார்த்தேன்.

முதல் பல்: பேரும் பெட்டியும் தனித்தனி இடத்தில். டொமைனை ஒரு கம்பெனியில் பதிவு பண்ணினேன், மெயிலை இன்னொரு கம்பெனியில் வெச்சேன். பெட்டிக்காரர் நாளைக்கு "இனி இலவசம் இல்லை"ன்னு சொன்னா, எம்எக்ஸ் வரியை மாத்த ஒரு மணி நேரம் போதும். ரெண்டும் ஒரே இடத்தில் இருந்து, அந்த ஒரு கணக்கு முடங்கினா, ரெண்டும் போச்சு.

ரெண்டாவது பல்: டொமைன் கணக்குக்குக் கொடுத்த மெயில் ஐடி, அதே டொமைனில் இருக்கக் கூடாது. சாவியைப் பெட்டிக்குள்ளேயே வெச்சுப் பூட்டின கதை ஆயிடும். டொமைன் காலாவதி ஆகுதுன்னு வர்ற எச்சரிக்கை, காலாவதி ஆன முகவரிக்கே போகும். என் காலேஜ் கணக்கில் நடந்தது அச்சு அசல் இதேதான்.

மூணாவது பல்: கடிதங்களை வெளியே எடுக்க வழி இருக்கா? ஐமேப் இருக்கணும், இல்லைன்னா மொத்தமா ஏற்றுமதி பண்ற வசதியாவது இருக்கணும். மூணு மாசத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்டு டிஸ்கில் பிரதி எடுக்கிறேன். இலவசத் திட்டத்தை ஒப்பிடும்போது எல்லாரும் எத்தனை ஜிபின்னு கேட்பாங்க. வெளியே போற கதவு எங்கே இருக்குன்னு கேளுங்க.

நாலாவது பல்: எனக்கு உண்மையிலேயே பெட்டி வேணுமா, அல்லது பேர் மட்டும் போதுமா? பேர் மட்டும் போதும்னா, ஃபார்வேர்டிங் இருக்கு. 2021-ல் க்ளவுட்ஃப்ளேர் இதை இலவசமா அறிவிச்சது. உங்க டொமைனுக்கு வர்றது எல்லாம் நீங்க ஏற்கனவே வெச்சிருக்கிற ஜிமெயிலுக்கு வந்து விழும். அதே பேரில் பதில் அனுப்பத்தான் வேற ஏற்பாடு பண்ணணும். என்னை மாதிரி மாசத்துக்கு நாலு மெயில் அனுப்புற ஆளுக்கு இது போதும்னு தோணுச்சு. ஒரு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். அப்புறம் ஃபார்வேர்டு ஆன மெயில் ஒண்ணு ரெண்டு வழியில் தொலைஞ்சப்போ, வங்கி, பிஎஃப் மாதிரியான விஷயங்களுக்குப் பயந்து, மாசம் ஒரு டீ-வடை செலவில் ஒரு கட்டணப் பெட்டிக்கு மாறிட்டேன். ஆமா, இலவசம் தேடிப் போனவன் கடைசியில் காசு கட்டினான். சிரிச்சுக்கங்க.

இன்னும் ஒண்ணு சொல்லணும். சொந்த டொமைன்னு சொல்றோமே, அதுவும் பட்டா நிலம் கிடையாது. வருஷா வருஷம் புதுப்பிக்கிற குத்தகைதான். கட்டாம விட்டா, சில வாரம் அவகாசம் கொடுப்பாங்க, அப்புறம் யார் வேணும்னாலும் வாங்கலாம். வாங்கினவங்களுக்கு உங்க பேருக்கு வர்ற கடிதம் அத்தனையும் போகும். பழைய கணக்குகளில் "பாஸ்வேர்டு மறந்துட்டேன்"னு ஒரு சொடுக்கு போதும். 1999-ல் மைக்ரோசாஃப்டுக்கு வாய்ச்ச மாதிரி ஒரு நல்ல மனுஷன் நமக்கும் வாய்ப்பார்னு நம்பி இருக்க முடியாது. அதனால டொமைனில் மெயில் வைக்கிறவங்க, சும்மா கிடைக்கிற பெட்டியில் மிச்சம் பிடிச்ச காசில், டொமைனை அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிடுங்க. நான் கட்டிட்டேன். வீட்டில் இன்னொருத்தருக்கும் அந்த லாகின் எங்கே இருக்குன்னு தெரியும்.

தாத்தா வீடியோ கிடைக்கலை. சொந்தக்காரங்க போன் எல்லாம் தேடிட்டோம். சித்தி ஒருத்தங்க போனில், நான் கேமராவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ ஒண்ணு இருந்தது. அவ்வளவுதான்.

இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ஒரு வேலை செய்ங்க. காலேஜ் ஐடி, ஆபீஸ் ஐடி, ரெண்டிலும் எந்தெந்தக் கணக்கைக் கட்டி வெச்சிருக்கீங்கன்னு ஒரு பேப்பரில் எழுதுங்க. கடைசி செமஸ்டரில் இருக்கிறவங்க, நோட்டீஸ் பீரியடில் இருக்கிறவங்க இன்னைக்கே எழுதுங்க. அந்த ஐடிக்கு வந்திருக்கிற, நீங்க இன்னும் திறக்காத அறிவிப்புகளையும் ஒருமுறை திறந்து பார்த்துடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.